'கெட்' வந்தால் அடுத்த சொல்லைப் பாருங்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களோடு மெயிலில் பேசுவதுதான் என் முக்கிய வேலை. எந்த மெயிலைத் திறந்தாலும் 'கெட்' என்ற சொல் நிற்கிறது. போன வாரம் ஒரு பையரிடமிருந்து வந்த ஒரே மெயிலில் மூன்று இடங்களில் இருந்தது: "டிட் யூ கெட் தி சாம்பிள்ஸ்?", "டிட் யூ கெட் டு ஸ்பீக் டு தி டையர்?", "வீ நீட் டு கெட் திஸ் சார்ட்டட் பை ஃப்ரைடே". பதிலில் நான் "வீ டைட் தி ஃபேப்ரிக் அகெய்ன்" என்று எழுதினேன். உடனே அவர், "உங்களிடம் சொந்த டையிங் யூனிட் கிடையாது என்று சொல்லியிருந்தீர்களே, இப்போது எங்கே சாயம் போட்டீர்கள்?" என்று கேட்டுவிட்டார். என் மேனேஜருக்கு அது பெரிய சங்கடமாகிவிட்டது. பள்ளியில் எங்கள் ஆசிரியர், 'கெட்' என்பதை எழுத்தில் பயன்படுத்தவே கூடாது, 'ரிசீவ்', 'அப்டெய்ன்' என்றுதான் எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அகராதியைத் திறந்தால் பக்கக்கணக்கில் அர்த்தம் போட்டிருக்கிறது. இதில் எதை மனப்பாடம் செய்வது? அந்த பையருக்கு இப்போது எப்படிப் பதில் எழுதுவது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, மனப்பாடம் வேண்டாம். முதலில் உங்களைச் சங்கடத்தில் மாட்டிவிட்ட அந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் கேள்வியின் பாதி அதிலேயே இருக்கிறது.

"துணிக்கு மறுபடியும் சாயம் போட்டோம்" என்று தமிழில் சொன்னால், யார் கையால் போட்டது என்று யாரும் கேட்க மாட்டார்கள். டையிங் யூனிட்டுக்கு அனுப்பிப் போட்டிருக்கலாம், சொந்தப் பட்டறையிலும் போட்டிருக்கலாம். தமிழ் அதைக் கேட்பவரின் அறிவுக்கு விட்டுவிடுகிறது. "முடி வெட்டிக்கொண்டேன்", "பல் பிடுங்கிக்கொண்டேன்", "பிளவுஸ் தைத்தேன்" எல்லாமே அப்படித்தான். சலூன்காரரும் பல் டாக்டரும் தையல்காரரும் வாக்கியத்தில் இல்லாமலே வேலையை முடித்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் "ஐ கட் மை ஹேர்" என்றால் கண்ணாடி முன்னால் நின்று நானே கத்தரிக்கோலைப் பிடித்தேன் என்று பொருள் படும். "வீ டைட் தி ஃபேப்ரிக்" என்றால் எங்கள் தொட்டியில், எங்கள் ஆட்கள் போட்டார்கள் என்று பொருள். உங்கள் பையர் வார்த்தையை அப்படியே நம்பினார். அவர்மேல் தவறில்லை.

நீங்கள் எழுதியிருக்க வேண்டியது: "வீ காட் தி ஃபேப்ரிக் டைட் அகெய்ன்". 'காட்' என்பது 'கெட்'டின் இறந்த காலம். இந்த ஒரு சொல் நடுவில் வந்ததும், வேலையைச் செய்தது வேறொருவர், செய்து வாங்கியது நாங்கள் என்பது தெளிவாகிவிடுகிறது. உங்கள் ஊரில் இதற்குப் பொருத்தமான தமிழ் ஏற்கெனவே புழங்குகிறது. "டையிங் கொடுத்து வாங்கினோம்", "காம்பாக்டிங் கொடுத்து வாங்கினோம்" என்பீர்கள் இல்லையா? அந்தக் 'கொடுத்து வாங்கு'தான் இது. பாதிக்கு மேல் ஜாப் ஒர்க்கில் ஓடும் தொழிலில் இருப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள ஆங்கில வாக்கிய அமைப்பு வேறில்லை. நூலை நிட்டிங் கொடுத்தது, பிரிண்டிங் கொடுத்தது, எம்பிராய்டரி கொடுத்தது, லேபில் (ஆய்வுக்கூடத்தில்) டெஸ்ட் பார்த்து வாங்கியது எல்லாவற்றையும் இதே அச்சில் எழுதலாம்: 'காட்', பிறகு பொருள், பிறகு செய்யப்பட்ட வேலை. "வீ காட் தி சாம்பிள் டெஸ்டட்". "ஐ காட் தி லேபிள்ஸ் பிரிண்டட்". வீட்டிலும் இதேதான்: "ஐ காட் மை ஃபோன் ரிப்பேர்ட்", "ஷீ காட் ஹெர் பிளவுஸ் ஸ்டிச்ட்".

பையருக்கு இது வெறும் இலக்கண விஷயம் இல்லை என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த விவகாரத்தில் 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எந்தத் துணி எந்தப் பட்டறையில் சாயம் ஏறியது, அங்கே கழிவுநீரை என்ன செய்கிறார்கள் என்பது வாங்குபவருக்கு முக்கியமான கேள்வி. அந்த இடத்தில் 'நாங்கள் சாயம் போட்டோம்', 'சாயம் கொடுத்து வாங்கினோம்' இரண்டும் ஒன்றாக முடியாது.

இனி அகராதிப் பிரச்சினைக்கு வருவோம். 'கெட்'டுக்குத் தனியாக அர்த்தம் தேடினால் அலைச்சல்தான் மிஞ்சும். அந்தச் சொல்லில் நிலையாக இருப்பது ஒன்றே ஒன்று: மாற்றம். முன்பு இல்லாதது இப்போது வந்துவிட்டது, முன்பு இப்படி இருந்தது இப்போது அப்படி ஆகிவிட்டது. என்ன மாற்றம் என்பதை அதற்கு அடுத்து வரும் சொல் சொல்லும். அடுத்து ஒரு பொருள் வந்தால் கிடைத்தது அல்லது வாங்கியது. ஒரு தன்மை வந்தால் ஆனது. ஓர் இடம் வந்தால் போய்ச் சேர்ந்தது. 'டு' சேர்த்து ஒரு வினை வந்தால் வாய்ப்புக் கிடைத்தது. படிக்கும்போது கண்ணை 'கெட்'டில் நிறுத்தாமல் அதைத் தாண்டி ஒரு சொல் முன்னே கொண்டுபோங்கள்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது இதைவிட நல்ல அடையாளம் ஒன்று உண்டு. இதை என் வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்வேன். 'எனக்கு' என்று தொடங்கும் தமிழ் வாக்கியங்களைக் கவனியுங்கள். எனக்கு வேலை கிடைத்தது. எனக்குக் காய்ச்சல் வந்தது. எனக்குக் கோபம் வந்தது. எனக்குப் பசி எடுத்தது. எனக்குப் புரிந்தது. எனக்குக் கல்யாணம் ஆனது. கிடைத்தது, வந்தது, எடுத்தது, புரிந்தது, ஆனது என்று தமிழ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வினை வைத்திருக்கிறது. ஆங்கிலம் 'எனக்கு' என்பதை 'ஐ' ஆக்கிவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே வினையைப் போடும்: "ஐ காட் தி ஜாப்", "ஐ காட் எ ஃபீவர்", "ஐ காட் ஆங்ரி", "ஐ காட் ஹங்க்ரி", "ஐ காட் இட்", "ஐ காட் மேரிட்". நம்மவர்கள் "ஃபீவர் கேம் டு மீ", "ஆங்கர் கேம் ஃபார் மீ" என்று தடுமாறுவது, அந்த 'வந்தது' என்பதை அப்படியே தூக்கிக்கொண்டு போவதால்தான்.

'எனக்கு' வந்துவிட்டாலே 'கெட்' போட்டுவிடலாம் என்றும் இருந்துவிடாதீர்கள். "எனக்குத் தெரியும்", "எனக்குப் பிடிக்கும்" என்பவற்றில் எந்த மாற்றமும் நடக்கவில்லை. அவை இருக்கிற நிலை. அதனால் அங்கே 'நோ', 'லைக்' என்று வேறு வினைகள் வருகின்றன. ஏதாவது மாறியதா என்று ஒரு நொடி யோசித்தால் போதும்.

இருப்பதும் ஆவதும் வேறு என்பது தமிழ் பேசுகிறவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. "மேனேஜர் கோபமாக இருந்தார்" என்பது நிலை. "மேனேஜர் கோபமாகிவிட்டார்" என்பது மாற்றம். முதலாவது "ஹி வாஸ் ஆங்ரி", இரண்டாவது "ஹி காட் ஆங்ரி". கல்யாண விஷயத்தில் நம்மவர்கள் அதிகம் சறுக்குவதும் இங்கேதான். "ஐ காட் மேரிட் ஃபார் டென் இயர்ஸ்" என்று எழுதுகிறார்கள். கல்யாணம் ஆவது ஒரு நாள் சமாச்சாரம், பத்து வருஷம் நடக்காது. "ஐ காட் மேரிட் டென் இயர்ஸ் அகோ" என்றால் பத்து வருஷம் முன்பு ஆனது. அந்த நிலை பத்து வருஷமாகத் தொடர்கிறது என்றால் "ஐ ஹேவ் பீன் மேரிட் ஃபார் டென் இயர்ஸ்". "மை பிரதர் காட் மேரேஜ்" என்பதும் தப்பு. 'மேரேஜ்' ஒரு பொருளைப் போல வந்து நிற்கிறது, கடையில் வாங்கியது மாதிரி ஆகிவிடும்.

பதவி விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. "தம்பி மேனேஜர் ஆனான்" என்பதை "ஹி காட் எ மேனேஜர்" என்று எழுதினால் அவனுக்கு ஒரு மேனேஜர் கிடைத்தார் என்று பொருள் மாறிவிடும். "ஹி காட் எ டாக்டர்" என்றால் போய் ஒரு டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தான் என்று அர்த்தம். மனிதர் இன்னாராக ஆவதைச் சொல்ல 'பிகேம்' வேண்டும். தன்மைக்கு 'கெட்', பதவிக்கும் தொழிலுக்கும் 'பிகம்'. கெட்டுப்போவது, வழுக்கை விழுவது, பைத்தியம் பிடிப்பது போன்ற சிலவற்றுக்கு ஆங்கிலம் 'கோ'வைக் கூப்பிடும். "தி மில்க் வென்ட் பேட்" என்பார்கள். அதைப் பழக்கத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

அடுத்து, உங்கள் தொழிலில் தினமும் வரக்கூடிய ஒன்று. "தி கார்ட்டன் வாஸ் டோர்ன்", "தி கார்ட்டன் காட் டோர்ன்" இரண்டையும் பார்த்திருப்பீர்கள். தமிழில் முதலாவது "பெட்டி கிழிந்திருந்தது", இரண்டாவது "பெட்டி கிழிந்துவிட்டது". நம் 'விடு' என்ற துணைவினை செய்கிற வேலையில் பெரும்பகுதியை இந்தக் 'காட்' செய்கிறது. நினைக்காத ஒன்று, பெரும்பாலும் வேண்டாத ஒன்று நடந்து முடிந்துவிட்டது என்ற தொனி இரண்டிலும் உண்டு. கன்டெய்னர் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டுவிட்டது, ஆர்டர் கேன்சல் ஆகிவிட்டது, பீஸ் ரிஜெக்ட் ஆகிவிட்டது: "காட் ஸ்டக்", "காட் கேன்சல்டு", "காட் ரிஜெக்டட்". நல்ல செய்திக்கும் வரும், "ஷீ காட் புரமோட்டட்" என்பது போல.

ஆனால் இந்த இடத்தில் உங்களுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. 'விட்டது' என்று முடியும் தமிழ் வாக்கியத்தில் செய்தவர் மறைந்துபோவது மாதிரியே 'காட்' வாக்கியத்திலும் மறைந்துபோகிறார். "தி சைசஸ் காட் மிக்ஸ்ட் அப்" என்று எழுதினால், சைஸ் தானாகவே கலந்துகொண்ட மாதிரி இருக்கிறது. பையர் மறுமெயிலில் 'யார் கலந்தது, எத்தனை பெட்டியில்' என்று கேட்கத்தான் போகிறார். புகாருக்குப் பதில் எழுதும்போது இந்த அமைப்பைத் தவிருங்கள். பேக்கிங் செக்ஷனில் இரண்டு சைஸைக் கலந்துவிட்டார்கள், இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை உள்ள பெட்டிகள், பிரித்து மறுபடி பேக் செய்துகொண்டிருக்கிறோம் என்று, செய்தவரை எழுவாயாக வைத்து எழுதுங்கள். தவறை ஒப்புக்கொள்கிற வாக்கியம் நேராக இருந்தால் அவருக்கு உங்கள்மேல் நம்பிக்கை வரும். சுற்றிவளைத்தால், இன்னும் எதையோ மறைக்கிறீர்கள் என்று தோன்றும்.

உங்களுக்கு வந்த இரண்டாவது வாக்கியம் "டிட் யூ கெட் டு ஸ்பீக் டு தி டையர்?" இதில் 'கெட்'டுக்கு அடுத்து 'டு ஸ்பீக்' வந்திருக்கிறது. டையிங்காரரிடம் பேச முடிந்ததா, பேச வாய்த்ததா என்று கேட்கிறார். "பேசினீர்களா?" என்று நேராகக் கேட்டால் அதட்டுவது போல இருக்கும். இப்படிக் கேட்டால், உங்களுக்கு வேலை இருந்திருக்கும், ஆள் கிடைக்காமலும் போயிருக்கலாம் என்பதற்கு இடம் விடுகிறார். மரியாதையான கேள்வி. பதிலில் நீங்களும் 'கெட் டு' போட வேண்டும் என்று இல்லை. "யெஸ், ஐ ஸ்போக் டு ஹிம் திஸ் மார்னிங்" என்றால் போதும்.

இதோடு சேர்ந்த ஒன்று 'கெட் டு நோ'. நம் அலுவலகங்களில் "ஐ காட் டு நோ தட் தி ஷிப்மென்ட் இஸ் டிலேட்" என்று எழுதுவது சகஜம். 'தெரியவந்தது' என்ற பொருளில் எழுதுகிறோம். இங்கிலாந்துக்காரருக்கோ அமெரிக்கருக்கோ 'கெட் டு நோ' என்பது பெரும்பாலும் ஒருவரோடு பழகிப் பழகி அறிந்துகொள்வது. ஒரு ஆளை, ஒரு ஊரை, ஒரு வேலையை அப்படி அறிந்துகொள்ளலாம். ஒரு தகவல் தெரியவந்ததற்கு 'ஃபவுண்ட் அவுட்', 'ஹேர்ட்', 'லேர்ன்ட்' பொருந்தும். நம் நாட்டுக்குள் அனுப்பும் மெயிலில் பழைய வழக்கம் யாருக்கும் உறுத்தாது. வெளியே அனுப்பும்போது மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது ஆளை வைத்து வேலை வாங்குவது. 'செய்ய வைத்தேன்' என்ற ஒரே தமிழுக்கு ஆங்கிலத்தில் மூன்று வினைகள் உண்டு, மூன்றின் மனநிலையும் வேறு. பேசி, கேட்டு, கொஞ்சம் கெஞ்சியும் சம்மதிக்க வைத்தால் 'கெட்': "ஐ காட் ஹிம் டு ஒர்க் ஆன் சண்டே". ஞாயிற்றுக்கிழமை வர மாட்டேன் என்றவரை எப்படியோ வரவழைத்துவிட்டேன் என்ற தொனி அதில் இருக்கிறது. கட்டாயப்படுத்தினால் 'மேக்': "தே மேட் ஹிம் ஒர்க் ஆன் சண்டே". வேலை சொல்ல உரிமை உள்ளவர் வழக்கம்போலச் சொல்லிச் செய்யவைத்தால் 'ஹேவ்': "ஐ ஹேட் ஹிம் செக் தி கவுன்ட்". 'கெட்'டுக்கு மட்டும் நடுவில் 'டு' வேண்டும், மற்ற இரண்டுக்கும் கூடாது. "ஐ மேட் ஹிம் டு கம்", "ஐ காட் ஹிம் கம்" இரண்டும் பிழை. உங்கள் தொழிலில் இந்த வித்தியாசம் சும்மா இல்லை. தொழிலாளரை ஞாயிற்றுக்கிழமை வரவைத்ததை 'மேட்' போட்டு எழுதினால், அதைப் படிக்கிற பையருக்குக் கட்டாய ஓவர்டைம் என்றுதான் தோன்றும்.

பயணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸிலிருந்து இறங்குவதை நாம் 'கெட் டவுன்' என்கிறோம். 'இறங்கு' என்பதில் கீழே வருவது இருப்பதால் அப்படி வந்துவிட்டது. வெளிநாட்டில் பஸ், ரயில், விமானம், பைக் எல்லாவற்றிலிருந்தும் 'கெட் ஆஃப்', ஏறுவது 'கெட் ஆன்'. கார், ஆட்டோ, டாக்சி என்றால் 'கெட் இன்', 'கெட் அவுட்'. உள்ளே எழுந்து நின்று நடக்க முடிகிற வண்டிக்கும், மேலே காலைப் போட்டு உட்காருகிற வண்டிக்கும் 'ஆன்', 'ஆஃப்'. குனிந்து உள்ளே நுழைந்து உட்காரும் வண்டிக்கு 'இன்', 'அவுட்'. 'கெட் டவுன்' ஏணிக்கும் மரத்துக்கும் கூரைக்கும் சரி. பையர் வந்தால் ஏர்போர்ட்டில் அழைத்துக்கொள்ளும்போது பயன்படும்.

உங்கள் ஆசிரியர் சொன்னதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர் காரணமில்லாமல் சொல்லவில்லை. 9-ஆம் நூற்றாண்டில் டென்மார்க், நார்வே பக்கமிருந்து வந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய மக்களின் பேச்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் 'கெட்'. 'டேக்', 'எக்', 'ஸ்கை', 'தே' எல்லாம் அதே வழியில் வந்தவை. அடுப்படியிலும் வயலிலும் சந்தையிலும் ஊறிய சொற்கள். 'ரிசீவ்', 'அப்டெய்ன்' இரண்டும் பிரெஞ்சு வழியாக வந்தவை. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுதான் நெடுங்காலம் கோலோச்சியது. அதனால் பிரெஞ்சிலிருந்து வந்த சொற்களுக்கு ஒரு விறைப்பான மரியாதை ஒட்டிக்கொண்டது. கடையில் "அரிசி வாங்கினேன்" என்கிறோம், ரசீதில் "தொகையைப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதுகிறோம் இல்லையா? 'கெட்'டுக்கும் 'ரிசீவ்'வுக்கும் உள்ள தூரம் கிட்டத்தட்ட அதுதான்.

அதனால் ஒப்பந்தம், வங்கிக்கு எழுதும் கடிதம், அரசு அலுவலகத்துக்கு விண்ணப்பம், ஆய்வுக் கட்டுரை ஆகியவற்றில் ஆசிரியர் சொன்னதையே செய்யுங்கள். ஆனால் தினமும் பேசிப் பழகிய பையருக்கு "ஐ ஷல் அப்டெய்ன் தி சாம்பிள்ஸ்" என்று எழுதினால், பக்கத்து வீட்டுக்காரரிடம் "தாங்கள் உணவு உட்கொண்டீர்களா" என்று கேட்பது போலாகும். அவர் 'கெட்' எழுதும்போது நீங்களும் 'கெட்' எழுதுங்கள். பிழையில்லாத ஆங்கிலம்தான் அது.

பேச்சோடு பேச்சாக, இந்தச் சொல்லில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். டென்மார்க், நார்வே மக்கள் பேசிய அந்தப் பழைய மொழியில் இதன் மூலச்சொல்லுக்குக் கிடைக்கப்பெறுவது என்றும் பிள்ளை பெறுவது என்றும் பொருள் இருந்தது. ஆங்கிலத்திலும் 'பிகெட்' என்ற சொல்லில் அந்தப் பிள்ளைப்பேறு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ்ப் 'பெறு'வும் அப்படியே. பரிசு பெறுகிறோம், பிள்ளை பெறுகிறோம், பெற்றவர்கள் பெற்றோர். அதோடு நிற்கவில்லை. "இக்கட்டடம் கட்டப்பெற்றது", "அச்சிடப்பெற்றது" என்று கல்வெட்டுப் பலகையிலும் புத்தகத்திலும் பார்க்கிறோமே, அங்கே 'பெறு' செயப்பாட்டு வினைக்குத் துணையாக வந்து நிற்கிறது. "காட் டோர்ன்", "காட் கேன்சல்டு" என்பதில் 'காட்' செய்கிற அதே வேலை. இரண்டு மொழிகளுக்கும் உறவு கிடையாது. ஆனாலும் 'கைக்கு வருவது' என்ற ஒரே கருத்திலிருந்து இரண்டும் இத்தனை கிளைகளை ஒரே மாதிரி விட்டிருக்கின்றன. வித்தியாசம் என்னவென்றால், தமிழில் அது மேடைக்கும் ஏட்டுக்கும் உரிய சொல்லாகிவிட்டது, ஆங்கிலத்தில் தெருவிலேயே இருந்துவிட்டது. 'ஃபர்கெட்'டும் இதே குடும்பம்தான். பிடித்தது கைநழுவிப் போனால் மறதி.

அப்புறம், அமெரிக்க பையர்கள் எழுதும்போது 'காட்டன்' என்று ஒரு வடிவம் வரும். பருத்தி இல்லை, 'கெட்'டின் மூன்றாம் வடிவம். முன்பு இங்கிலாந்திலும் புழங்கியதுதான். அங்கே பொது வழக்கில் தேய்ந்துபோக, அமெரிக்காவில் நிலைத்துவிட்டது. அமெரிக்கர் "ஐ ஹேவ் காட்டன் தி சாம்பிள்ஸ்" என்றால் சாம்பிள் வந்து சேர்ந்துவிட்டது. "ஐ ஹேவ் காட் தி சாம்பிள்ஸ்" என்றால் சாம்பிள் என்னிடம் இருக்கிறது. இங்கிலாந்துக்காரர் இரண்டுக்கும் 'காட்'தான் போடுவார், இடத்தை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் எழுதும்போது குழப்பம் வராமல் இருக்க, வந்து சேர்ந்ததா என்று கேட்க "டிட் யூ கெட்", கைவசம் இருக்கிறதா என்று கேட்க "டூ யூ ஹேவ்" என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கத்தாருக்கும் ஒத்துப்போகும். 'காட்டா' என்பதைப் படத்தில் கேட்டிருப்பீர்கள், 'ஹேவ் காட் டு' தேய்ந்து வந்தது, 'போயாகணும்' என்பதில் வரும் 'ஆகணும்' மாதிரி. காதால் கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள், மெயிலில் எழுத வேண்டாம்.

போனில் சரியாகக் கேட்கவில்லை என்றால் நம்மவர்கள் "ஐ டிடின்ட் கெட் யூ" என்பார்கள். "ஐ டிடின்ட் கெட் தட்" என்று சொல்லிப் பழகுங்கள். கேட்காமல் போனது அவர் சொன்ன வார்த்தை, 'யூ' போட்டால் ஆளையே பிடிபடவில்லை என்பது போலாகிவிடுகிறது. 'விசாரித்துப் பதில் சொல்கிறேன்' என்பதற்கு "ஐ வில் ரிவர்ட்" என்று எழுதுவதும் நம் பக்கத்துப் பழக்கம். வெளிநாட்டில் பலருக்கு 'ரிவர்ட்' என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. "ஐ வில் கெட் பேக் டு யூ" என்றால் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான்.

மூன்றாவது வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். "வீ நீட் டு கெட் திஸ் சார்ட்டட் பை ஃப்ரைடே" என்பதும் டையிங் கொடுத்து வாங்கிய அதே அமைப்புதான். ஆனால் இங்கே வேறொருவர் செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை. நானோ நீங்களோ யாரோ, எப்படியாவது வெள்ளிக்கிழமைக்குள் இதைச் சரிசெய்து முடித்தாக வேண்டும் என்கிறார். 'வீ' என்று எழுதியிருந்தாலும் வேலை உங்களுக்குத்தான். அதில் கோபம் இல்லை, அவசரம் இருக்கிறது.

இனி அவருக்கு எழுத வேண்டிய பதில். மன்னிப்பை நீட்ட வேண்டாம், மூன்று நான்கு வாக்கியம் போதும். "சாரி ஃபார் தி கன்ஃப்யூஷன். வீ டோன்ட் ஹேவ் எ டை ஹவுஸ் ஆஃப் அவர் ஓன். வீ காட் தி ஃபேப்ரிக் ரீடைட் அட்" என்று எழுதி, அங்கே டையிங் யூனிட்டின் பெயரைப் போடுங்கள். அடுத்து, "ஐ வில் கெட் தி டெஸ்ட் ரிப்போர்ட் டு யூ பை தர்ஸ்டே". ரிப்போர்ட்டை வியாழக்கிழமைக்குள் உங்கள் கையில் சேர்த்துவிடுவேன் என்று பொருள். வெள்ளிக்கிழமை என்று அவர் கேட்டதற்கு ஒரு நாள் முன்னால் சொல்கிறீர்கள். லேபில் கேட்டு, அந்த நாளுக்குள் நிச்சயம் வரும் என்று தெரிந்தால் மட்டும் அதை எழுதுங்கள். யூனிட்டின் பெயர் பையர் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட பட்டியலில் இருக்கிறதா என்று மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள். பட்டியலில் இல்லையென்றால் அது ஆங்கிலத்தால் தீர்கிற பிரச்சினை இல்லை, அந்த மெயிலை அவரே எழுதட்டும்.